மாப்பிள்ளை கட்டி இடித்த ஊர்

என் மாப்பிள்ளைக்குப் பகல்ல பல் கட்டுற வேலை, சாயங்காலம் ஊரை இடிக்கிற வேலை. சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. வயசான பொம்பளை ஏதோ உளர்றான்னு என்னையே ஒரு மாதிரி பாக்கிறாங்க. அதனால ஆரம்பத்துலேர்ந்தே சொல்லிடுறேன்.

பகல் வேலை சம்பளத்துக்கு. பல் டாக்டருங்க வாயில அச்சு எடுத்து அனுப்புவாங்க, இவர் ஒரு சின்ன லேபுல உக்காந்து அதுக்குப் பொருத்தமா பல் செட் செஞ்சு குடுப்பார். கை அவ்வளவு சுத்தம். பேச்சுலதான் கஞ்சத்தனம். என் மக அவரை முதல் முதலா எங்க வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தப்போ மனுஷன் என் வாயையே பார்த்துக்கிட்டிருந்தார். நானும் பேசிக்கிட்டே போறேன், இவர் கண்ணை எடுக்கல. பரவாயில்லையே, பெரியவங்க பேசினா இவ்வளவு கவனமா கேக்கிற பிள்ளையான்னு எனக்கு ஒரே பூரிப்பு. செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்புறப்போதான் வாயைத் திறந்தார். "கீழ் வரிசையில ஒரு பல் தேயுதுங்க. தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்க போல." இதுதான் மாப்பிள்ளை என்கிட்ட பேசின முதல் பேச்சு. என் மக தலையில அடிச்சுக்கிட்டா.

சாயங்கால வேலை ஆசைக்கு. மேஜை மேல வச்சு ஆடுற ஒரு ஆட்டம் இருக்காம். கட்டை விரல் உயரத்துக்குப் பொம்மைங்க. பாதிப் பேர் உயிரோட இருக்கிறவங்க, மீதிப் பேர் ஜாம்பி, அதாவது செத்த பிறகும் சும்மா கிடக்காம நடந்து வந்து கடிக்கிற பிணங்க. பகடையை உருட்டி உருட்டி ஒருத்தர் ஓடணும், ஒருத்தர் துரத்தணும். ஆடுறது சின்னப் பசங்க இல்ல, முடி நரைச்ச ஆளுங்க. அவங்க ஓடி ஒளிய ஒரு ஊர் வேணும் இல்லையா, அந்த ஊரைத்தான் என் மாப்பிள்ளை கட்டுறார். கட்டிட்டு அவரே இடிக்கிறார்.

இதெல்லாம் எனக்கு முன்னாடி தெரியாது. நான் உண்டு என் கடை உண்டுன்னு இருந்தவ. எனக்கு ஒரு பூட்டு சாவிக் கடை இருந்துச்சு. வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் ரெண்டு பேரும், அவர் போன பிறகு நான் தனியாவும் நடத்தினேன். தொலைஞ்ச சாவிக்கு மறு சாவி ராவித் தர்றது, உள்ள சாவியை வச்சுப் பூட்டிட்டு வெளியே நிக்கிற அறிவாளிங்களுக்குப் போய்க் கதவைத் திறந்து விடுறது, இதுதான் பொழைப்பு. அப்புறம் அரம் பிடிச்சுப் பிடிச்சு மணிக்கட்டு மரத்துப் போச்சு, முட்டியும் மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. மக விடல. "அம்மா, போதும், எங்களோட வந்து இரு"ன்னு அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி ஒரு பெட்டியோட என்னைக் கூட்டிக்கிட்டு வந்துட்டா.

வந்தேனே தவிர, கடையை விடல. ஷட்டரை இறக்கிப் பூட்டிச் சாவியை இடுப்புலயே வச்சுக்கிட்டேன். கடைக்குப் பின்னால ஒரு ரூம் உண்டு, ஒரு கட்டில் போடலாம். இங்க ஒத்து வரலேன்னா பேசாம அங்க போய்ப் படுத்துக்கலாம்ங்கிறது என் கணக்கு. கட்டட ஓனர் நல்ல மனுஷன், கொஞ்ச நாள் பொறுத்தார். பொறுத்துட்டு ஒரு நாள் போன் பண்ணினார். "அம்மா, வேற ஒருத்தர் கடை கேக்கிறார். திங்கள்கிழமைக்குள்ள ஒண்ணு நீங்க வாங்க, இல்ல சாவியைக் குடுங்க." யோசிச்சு சொல்றேன்னு சொல்லி வச்சேன். மககிட்டயும் மறைக்கல. அவ முகம் சின்னதாப் போச்சு.

யோசிக்கிறதுக்கு என்ன இருக்குன்னு நீங்க கேப்பீங்க. பெத்த மக வீடு, நல்ல மாப்பிள்ளை. ஆனா நான் இங்க வந்த அன்னிக்கே எனக்கு மனசுல ஒரு முள் குத்திடுச்சு. சாப்பிட உக்காரலாம்னு போனா சாப்பாட்டு மேஜையைக் காணோம். மேஜை இருக்கு, மேல ஊர் இருக்கு. இந்த ஓரம் பெட்ரோல் பங்க், அந்த ஓரம் ஆஸ்பத்திரி, நடுவுல பேங்க், பள்ளிக்கூடம், தண்ணி டேங்க். எல்லாம் குண்டு விழுந்த மாதிரி இடிஞ்சு கிடக்கு. நாங்க மூணு பேரும் மடியில தட்டை வச்சுக்கிட்டு சோபாவுல வரிசையா உக்காந்து சாப்பிட்டோம், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி.

எப்பவும் இப்படித்தான் போலன்னு நினைச்சேன். மறுநாள் செருப்புக்குள்ள காலை விட்டேன், என்னமோ குத்துச்சு. எடுத்துப் பார்த்தா ஒரு குட்டி நாற்காலி. கட்டிலுக்கு அடியில பெருக்கினா குட்டி குட்டி செங்கல். அலமாரியில துணி வைக்கலாம்னு திறந்தா பசை வாசனை. அப்பதான் எனக்கு உறைச்சுது. எனக்குக் குடுத்திருக்கிறது ஊர் இருந்த ரூம். எனக்காக ஒரு ஊரையே காலி பண்ணி மேஜை மேல குடியேத்தியிருக்காங்க. ஒரு வார்த்தை சொல்லல ரெண்டு பேரும். சொல்லியிருந்தா சண்டை போட்டாவது தீர்த்திருப்பேன். சொல்லாம விட்டதால பெட்டியைப் பிரிக்கவே எனக்கு மனசு வரல. இன்னொருத்தர் இடத்தை அடைச்சுக்கிட்டு உக்கார்ந்திருக்கிற மாதிரி இருந்துச்சு, தினமும்.

சரி, வேலையாவது என்னன்னு பார்ப்போம்னு பக்கத்துல உக்காந்து பார்க்க ஆரம்பிச்சேன். சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் கையில வித்தை இருக்கு. பல் அச்சு வார்க்கிற மாவைக் கரைச்சு ஊத்தி சுவர் செய்வார். காய்ஞ்சதும் பல்லு சீவுற அதே சின்னக் கத்தியால ஒவ்வொரு செங்கலா வரி கிழிப்பார். பழைய டூத் பிரஷ் முடியைக் கத்தரிச்சு நட்டா புல்லு. குடிச்சு மிச்சமான டீத்தூளைக் காய வச்சுத் தூவினா தெருவெல்லாம் சருகு. சாவி வெட்டுறவளுக்கு இந்த மாதிரி நுணுக்க வேலையைப் பார்த்தா கண்ணு தானா நின்னுடும், நானும் நின்னேன்.

அப்புறம் ஒரு சுவரை ரெண்டு சாயங்காலம் உக்காந்து இழைச்சு இழைச்சு முடிப்பார். முடிச்சுட்டுத் தூரத்துல பிடிச்சுப் பார்ப்பார். அழகா இருக்கேன்னு நான் நினைக்கிற நேரத்துல குறடை எடுத்து அதோட மூலையைக் கடக்குன்னு ஒடிப்பார். 

"எதுக்கு மாப்பிள்ளை? நல்லாத்தானே இருந்துச்சு."

"நல்லாக் கட்டினாத்தான் அத்தை நல்லா உடையும்."

நான் எழுந்து போயிட்டேன்.

இந்தக் கிறுக்கு அவரோட பகல் வேலையிலயும் ஒரு தடவை புகுந்துச்சு. பல் டாக்டர் ஒருத்தர் போன் பண்ணினார், நான்தான் எடுத்தேன். "புதுசாக் குடுத்த செட்டுல அந்தம்மாவுக்கு நாக்கு உரசுதாம். உள்பக்கம் பார்த்தா வரி வரியா செங்கல் மாதிரி இருக்கு, இது என்ன புது டிசைனா?" அந்த செட்டைச் செஞ்சதுக்கு முந்தின நாள் சாயங்காலம் பூரா பள்ளிக்கூடத்துக்குச் செங்கல் கிழிச்ச கை, காலையில லேபுக்குப் போய் அதே வேகத்துல பல் செட்டுலயும் கிழிச்சிருக்கு. அந்தம்மாவுக்கு வேற செட் செஞ்சு குடுத்தாச்சு. பழசைத் தூக்கிப் போட்டாரா, அதுதான் இல்ல. இன்னிக்கும் பள்ளிக்கூடத்துக்கு மதில் சுவர் அதுதான். ரோஸ் கலர்ல, மேல பல்லோட. அதைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நாங்க சாப்பிடணும்.

ஜன்னலுக்குக் கண்ணாடி என் மக உபயம். அவ எக்ஸ்ரே எடுக்கிற இடத்துல வேலை பாக்கிறா, அங்க வேணாம்னு ஒதுக்கின பிலிமை எல்லாம் எடுத்துக்கிட்டு வந்து குடுப்பா. வெட்டி ஒட்டினா புகை பிடிச்ச கண்ணாடி மாதிரியே இருக்கும். குனிஞ்சு வெளிச்சத்துல பார்த்தா பேங்க் ஜன்னல்ல யாரோ ஒருத்தரோட விலா எலும்பு தெரியும். ஒரு நாள் ஆஸ்பத்திரி ஜன்னலைப் பார்த்துக்கிட்டிருந்தேன், எங்கயோ பார்த்த எலும்பா இருக்கேன்னு தோணுச்சு. பார்த்தா என் முட்டி. பத்திரமா வச்சிருங்கன்னு டாக்டர் சொன்ன பிலிம்.

"பத்திரமாத்தானே அத்தை இருக்கு, ஒட்டியாச்சு இல்ல"ன்னார் மாப்பிள்ளை. ஊமைக் குசும்பு.

இதையெல்லாம் பொறுத்துக்கிட்டேன். ஒரு நாள் தூசி தட்டலாம்னு பேங்குக்குப் பின்னால இருக்கிற தெருவைப் பார்க்கிறேன், அங்க என் கடை நிக்குது. அப்படியே என் கடை. தொங்குற பெரிய மரச் சாவி, பச்சை ஷட்டர், வாசல்ல நான் உக்கார்ற ஸ்டூல், எல்லாம்.  சந்தோஷமா, என்னன்னு எனக்கே தெரியல. அப்புறம் சரியாப் பார்த்தேன். ஷட்டர் பாதி கிழிஞ்சு தொங்குது. பூட்டு உடைஞ்சு கீழ கிடக்குது.

மாப்பிள்ளை வேலையிலேர்ந்து வர்றவரைக்கும் வாசல்லயே நின்னேன்.

"என் கடைப் பூட்டை யாரு உடைச்சது?"

அவர் பையைக் கூட கீழ வைக்கல. "ஜாம்பிங்க அத்தை."

"ஜாம்பி உடைச்சா உடையுற பூட்டா அது? அது ஏழு லீவர் பூட்டு மாப்பிள்ளை. நானும் என் வீட்டுக்காரரும் பார்த்துப் பார்த்துப் போட்டது. உயிரோட இருக்கிற திருடனே வந்து முட்டி மோதிப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிருக்கான்."

"ஊரே இடிஞ்சு கிடக்கு அத்தை. அது மட்டும் உடையாம இருந்தா…"

"ஊர் இடிஞ்சா இடியட்டும். சுவர் இருக்காது, கூரை இருக்காது, என் பூட்டு இருக்கும்."

மனுஷன் கை கால் கழுவிட்டு உக்காந்து, கடையைப் பிச்சு எடுத்து, புது ஷட்டர் செஞ்சு, அரிசி அளவுக்கு ஒரு பூட்டும் செஞ்சு மாட்டினார். மக அடுப்படியிலேர்ந்து என்னை முறைச்சா. எனக்கே கொஞ்சம் அதிகமாப் போயிட்டோமோன்னு இருந்துச்சு, ஆனா பூட்டு விஷயத்துல நான் இறங்கி வர்றதில்ல.

சனிக்கிழமை மத்தியானம் மயக்க டாக்டர் வந்தார். ஆப்பரேஷனுக்கு மயக்க மருந்து குடுக்கிறவர். ஆட்டக்காரக் குழுவுக்கு அவர்தான் தலை. மறுநாள் ஞாயித்துக்கிழமை இந்த ஊரை வச்சுப் பெரிய ஆட்டம், அதுக்கு முன்னாடி ஊரைப் பார்வையிட வந்திருந்தார். மேஜையைச் சுத்திச் சுத்தி வந்தார், மதில் சுவரைப் பார்த்து வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சார், எல்லாம் பிரமாதம்னார். அப்புறம் என் கடைகிட்ட வந்து நின்னார்.

"இது எதுக்கு மூடியிருக்கு? உள்ள போக முடியாத கடை ஆட்டத்துக்கு உதவாதே."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். அதனால டாக்டரும் என்னைப் பார்த்தார்.

"பகல்ல திறந்திருக்கும்"னேன். "ஆபத்துன்னு யாராவது வந்தா உள்ள போய் ஷட்டரை இழுத்துப் பூட்டிக்கலாம். பூட்டினா பூட்டினதுதான்."

"சரிம்மா. வெளியேர்ந்து ஜாம்பி தள்ளினா? எல்லாக் கதவுக்கும் ஒரே சட்டம்தான். பகடையில அஞ்சோ ஆறோ விழுந்தா கதவு உடையும்."

"பகடை விழுந்தா பூட்டு எதுக்குங்க உடையணும்?"

"அது ஆட்டம்மா."

"இது பூட்டு."

டாக்டர் நல்ல பொறுமைசாலி, தினமும் ஆளுங்களைத் தூங்க வச்சுப் பழக்கம். "ரெண்டு பகடையிலயும் ஆறு விழுந்தா மட்டும் உடையும்னு வச்சுக்கலாமா?"ன்னு இறங்கி வந்தார். என்ன விழுந்தாலும் உடையாதுன்னு நான் நின்னேன். ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பேசுறோம். கடைசியில மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"சாவி இருந்தா திறக்கும்."

"அது நியாயம்"னு நான் உடனே ஒத்துக்கிட்டேன். சாவி இருந்தாத் திறக்கத்தானே வேணும், அதுக்குத்தானே நான் ஆயுசு பூரா உக்காந்திருந்தேன். டாக்டரும் தலையை ஆட்டினார். சாவியில்லாம பூட்டுக்கடை திறக்காதுன்னு அங்கயே சட்டம் ஆச்சு. எனக்கு ஏதோ கோட்டையைப் பிடிச்ச மாதிரி பெருமை. அன்னிக்கு டாக்டருக்கு நானே டீ போட்டுக் குடுத்தேன்.

ஞாயித்துக்கிழமை மகளுக்கு டியூட்டி. ஊரைக் கார்ல கொண்டு போக ஆள் வேணும், பிடிச்சுக்க ஒரு மடி வேணும், அதனால நான் போனேன். பின் சீட்டுல ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும், என் மடியில பேங்க், கால் ரெண்டுக்கும் நடுவுல தண்ணி டேங்க், கையில என் கடை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் மாப்பிள்ளை "அத்தை, பேங்க்"ம்பார், நான் பேங்கைப் பிடிச்சுப்பேன். சிக்னல்ல பக்கத்துல நின்ன ஸ்கூட்டர்காரன் எங்களைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கல.

குழு கூடுறது ஒரு பழைய ஹால்ல. பெரிய மேஜை போட்டு, மேல ஊரை விரிச்சாங்க. விரிச்சதும் ஹால்ல இருந்தவங்க எல்லாரும் மேஜையைச் சுத்திக் கூடிட்டாங்க. ஒரு லாரி டிரைவர், ஒரு ஸ்கூல் டீச்சரம்மா, இன்னும் நாலஞ்சு பேர், எல்லாரும் மூட்டு வலியை மறந்து குனிஞ்சு குனிஞ்சு பாக்கிறாங்க. மாப்பிள்ளை ஒரு ஓரமா நின்னு சட்டைப் பொத்தானைத் திருகிக்கிட்டிருந்தார். எனக்குப் பெருமையா இருந்துச்சு, மறைக்க என்ன இருக்கு.

ஆட்டம் எனக்குப் பார்க்கப் பார்க்கப் புரிஞ்சுது. உயிரோட இருக்கிறவங்களை டாக்டரும் மத்தவங்களும் நகர்த்துறாங்க. செத்தவங்களை நகர்த்துறது மாப்பிள்ளை. உயிரோட இருக்கிறவனைப் பிணம் கடிச்சா அவ்வளவுதான், அவனை எடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள்ள போட்டுடுவாங்க, அன்னிக்கு ஆட்டத்துல அவன் கிடையாது. பிணத்தைச் சுட்டா கீழ படுக்க வைப்பாங்க, அடுத்த சுத்துலயே மேஜை ஓரத்துல மறுபடியும் எழுந்து நின்னுக்கும். அந்த ஊர்ல சாவே இல்லாதது செத்தவங்களுக்கு மட்டும்தான். நல்ல நியாயம்டா இதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

உயிரோட இருக்கிறவங்கள்ல ரெண்டு பேர் எனக்குத் தெரிஞ்ச மாதிரி இருந்தாங்க. ஒருத்தி வெள்ளைக் கோட்டு, தூக்கிக் கட்டின கொண்டை, நடக்கிறப்பவே சண்டைக்குப் போற மாதிரி முகம், என் மகளேதான். இன்னொருத்தர் ஒல்லியா ஒரு தோள் இறங்கி நிக்கிறார், மாப்பிள்ளை. பாவம், ரெண்டு பேரும் பெட்ரோல் பங்க்லேர்ந்து ஓடுறாங்க, பள்ளிக்கூடத்துல ஒளியறாங்க, பின்னாலயே கூட்டம் வருது. எனக்கு உக்காரவே முடியல, எழுந்து மேஜைகிட்டயே வந்துட்டேன்.

டாக்டர் என்னைப் பார்த்து சிரிச்சார். "கவலைப்படாதீங்கம்மா, நல்ல இடம் இருக்கு." மிச்சம் இருந்த எல்லாரையும், என் மகளையும் மாப்பிள்ளையையும் சேர்த்து, என் கடைக்குள்ள கொண்டு போய் ஷட்டரை இறக்கிப் பூட்டிட்டார். பிணங்க கூட்டமா வந்து மோதுது. பகடையை உருட்டுறாங்க, ஆறு விழுது, ஒண்ணும் ஆகல. மறுபடியும் ஆறு. ஷட்டர் அசையல. டீச்சரம்மா கை தட்டினாங்க. நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன், அந்தப் பூட்டை நானே செஞ்ச மாதிரி.

அப்போ மாப்பிள்ளை கூட்டத்துக்குக் கடைசியில நின்ன ஒரு பிணத்தை எடுத்து மெதுவா முன்னால கொண்டு வந்தார். மூக்குக் கண்ணாடி. கத்தரிச்ச நரைமுடி. வலது கால் கொஞ்சம் இழுக்குது. இடுப்புல ஒரு சாவிக்கொத்து. நானேதான்.

"இவங்ககிட்ட சாவி இருக்கு"ன்னார் மாப்பிள்ளை.

ஹாலே அதிர்ந்துச்சு. டாக்டர் நெத்தியில கை வச்சுக்கிட்டு "போச்சு, போச்சு"ங்கிறார், லாரி டிரைவர் கண்ணுல தண்ணி வர சிரிக்கிறார். ஷட்டர் மேல போச்சு. உள்ள போக ஒரு வழிதான், வெளியே வரவும் அதே வழிதான், என் கடைக்குப் பின்வாசல் கிடையாது. நான் உள்ள நுழைஞ்சேன். என் மகளைக் கடிச்சேன். மாப்பிள்ளையைக் கடிச்சேன். ரெண்டு பேரையும் எடுத்து டப்பாவுல போட்டாங்க, டொக்கு டொக்குன்னு சத்தம். ஆட்டம் முடிஞ்சுது. எல்லாரும் வந்து என் கையைப் பிடிச்சுக் குலுக்குறாங்க, ஊரையே காலி பண்ணிட்டீங்களேம்மாங்கிறாங்க.

நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே இருக்கிறப்போ எனக்குப் புரிஞ்சு போச்சு. வாயால சொல்ல வராத மனுஷன், கையால சொல்லிட்டார். இந்தம்மா சாவியோட வந்து உள்ள நுழைஞ்சா இருக்கிறவங்க கதை முடிஞ்சுதுன்னு சொல்றார். ஒரு வகையில நியாயம்தானே, ரூமைப் பிடிச்சேன், மேஜையைப் பிடிச்சேன், பூட்டுக்கு சண்டை போட்டு அவர் சாயங்காலத்தையும் பிடுங்கினேன். அங்கயே முடிவு பண்ணிட்டேன். திங்கள்கிழமை கடைக்குப் போயிடுறது. பின்னால ஒரு கட்டில் போட்டா போதும் எனக்கு.

திரும்பி வர்றப்போ மடியில பேங்கை வச்சுக்கிட்டு வெளியே பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன். வேகத்தடை வந்துச்சு, "அத்தை, பேங்க்"னார். பிடிச்சுக்கிட்டேன். இன்னொண்ணு வந்துச்சு. எனக்கு மனசுல வச்சுப் பூட்டத் தெரியாது.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கிறேன், மறைக்காம சொல்லுங்க. என்னை எதுக்குப் பிணமா செஞ்சீங்க?"

கார் ஒரு குலுக்கு குலுக்கிச்சு. ஓரமா நிறுத்திட்டார். ரெண்டு கையையும் ஸ்டியரிங் மேல வச்சுக்கிட்டு நேரா ரோட்டையே பார்க்கிறார். காது ரெண்டும் சிவந்து போச்சு.

"உயிரோட இருக்கிறவங்களை எல்லாம் எடுத்துடுவாங்க அத்தை."

"அதுக்கு?"

"யாராயிருந்தாலும் டப்பாவுக்குப் போயிடுவாங்க. நாங்களும் போயிட்டோம், பார்த்தீங்கல்ல. ஜாம்பியைத்தான் யாராலயும் எடுக்க முடியாது. அடிச்சாலும் திரும்ப வந்து நிக்கும். ஆட்டம் முடியுறவரைக்கும் மேஜை மேலயே இருக்கும்." சட்டைப் பொத்தானைத் திருகினார். "நீங்க கடைக்குத் திரும்பிப் போயிடுவீங்கன்னு உங்க மக தினமும் புலம்புறா. போகாதீங்கன்னு எனக்கு வாயால சொல்ல வரல. அதான் எடுக்க முடியாத ஆளா செஞ்சு வச்சேன்."

"அந்தச் சாவி?"

"வீட்டுச் சாவி யார்கிட்ட அத்தை இருக்கும்? பெரியவங்ககிட்டதானே."

எனக்கு அழுகை வந்துடுச்சு. கண்ணைத் துடைக்கலாம்னா ரெண்டு கையிலயும் ஊர். மாமியாரைப் பிணமாக்கிப் பாசத்தைக் காட்டுற மாப்பிள்ளை உலகத்துலயே எனக்கு ஒருத்தர்தான் வாய்ச்சிருக்கார், இவரைத் திட்டுறதா, என்ன பண்றதுன்னு தெரியாம மூக்கை உறிஞ்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். அவர் எட்டி பேங்கை வாங்கித் தன் மடியில வச்சுக்கிட்டார். நான் கைப்பையிலேர்ந்து போனை எடுத்துக் கட்டட ஓனரைக் கூப்பிட்டேன்.

"நான்தாங்க பேசுறேன். கடையை அவருக்கே குடுத்துடுங்க. நாளைக்கு வந்து சாவியைத் தர்றேன்."

"நல்லா யோசிச்சுட்டீங்களாம்மா? மக வீட்டுல உங்களுக்கு ஒத்து வருதா?"

"எனக்கு ஒத்து வருதோ வரலையோ, இவங்களால என்னை எடுக்க முடியாதாம்"னேன்.